சிசேரியனுக்குப் பிறகு ஹோமியோபதி உருண்டைகள்: எதற்கு எடுக்கலாம், எதற்கு நம்பிக் காத்திருக்கக் கூடாது

சிசேரியன் என்று முடிவானதும் யாராவது ஒருவர் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியோடு வந்துவிடுவார்கள். எனக்கு வந்தவர் அத்தை. உள்ளே கடுகை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளை உருண்டைகள், மேலே பேனாவால் "ஆர்னிகா 200" என்று எழுதி ஒட்டிய லேபிள். "ஆபரேஷன் முடிஞ்சதும் நாலு உருண்டை நாக்குக்கு அடியில போட்டுக்கோ, வலியே தெரியாது" என்றார். போட்டுக்கொண்டேன். வலி தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது.

அதற்காக அத்தை மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு என்ன வேண்டும் என்று யோசித்து ஒரு பொருளோடு வந்தவர் அவர் ஒருவர்தான், மற்றவர்கள் எல்லாம் குழந்தைக்குச் சட்டை வாங்கி வந்தார்கள். இந்தக் கட்டுரை அப்படி ஒரு குப்பி கையில் இருந்து, இதை என்ன செய்வது என்று தெரியாமல் முழிப்பவர்களுக்கு. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த உருண்டைகள் தையலை ஆற்றாது. மருத்துவமனை கொடுத்த மருந்துகளோடு கூடவே வைத்துக்கொண்டால் பெரும்பாலும் கெடுதலும் செய்யாது. அந்த மருந்துகளுக்குப் பதிலாக எடுத்தால்தான் ஆபத்து. கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த "கூடவே", "பதிலாக" இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்பதைத்தான்.

1. முதலில் லேபிளைப் படியுங்கள்

பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் முக்கியம். 30 சி, 200 சி, 6 எக்ஸ் என்று இருக்கும். சி என்றால் ஒரு பங்கு மருந்தை 99 பங்கு சாராயத்திலோ தண்ணீரிலோ கலந்து குலுக்குவது, அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து மறுபடியும் 99 பங்கில் கலப்பது. இதை 30 தடவை செய்தால் 30 சி. எக்ஸ் என்றால் 99-க்குப் பதில் 9 பங்கில் கலப்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 1-க்குப் பின்னால் 60 சுழியம் வரும், அத்தனை பங்கில் ஒரு பங்கு. 12 சி-யைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பு அனேகமாக இல்லை. அப்படியானால் 200 சி-யில் இருப்பது சர்க்கரை உருண்டையும் அதன் மேல் தெளித்துக் காய்ந்த சாராயமும்தான்.

புதிதாக வருபவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. எண் கூடக்கூட "வீரியம்" கூடுகிறது என்று ஹோமியோபதியில் சொல்வார்கள், அதனால் 200-ஐப் பார்த்துப் பயந்து 3 எக்ஸ் "லேசானது" என்று நினைத்து எடுப்பவர்கள் உண்டு. உண்மையில் பயப்பட வேண்டியது சின்ன எண்களுக்குத்தான். 1 எக்ஸ், 2 எக்ஸ், 3 எக்ஸ், அப்புறம் தாய்த் திரவம் என்று சொல்லும் கரைக்காத சாறு, இவற்றில் நிஜமாகவே செடியின் சரக்கு இருக்கிறது. ஆர்னிகா தாய்த் திரவத்தைக் குடித்தால் விஷம். நக்ஸ் வாமிகா என்று அழகான பெயரில் வருவது வேறொன்றும் இல்லை, நம் எட்டிக்காயின் கொட்டை. எட்டி பழுத்தால் என்ன என்று பழமொழி சொன்னவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை, அதில் ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. பெல்லடோனாவும் அகோனைட்டும் அதே ரகம்தான். அதனால் விதி எளிது: தாய்ப்பால் கொடுக்கும்போது தாய்த் திரவமோ ஒற்றை இலக்க எக்ஸ் எண்ணோ உள்ள எதையும் வாய்வழியாக எடுக்காதீர்கள். லேபிளே இல்லாத குப்பி, பொட்டலத்தில் மடித்துத் தந்த பொடி, "இது நான் தயாரிச்ச ஸ்பெஷல்" என்பதெல்லாம் நேராகக் குப்பைக்கு.

ஒரு சின்ன வரலாறு. இதைத் தொடங்கிவைத்தவர் சாமுவேல் ஹானிமன் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1790-இல் ஒரு மருத்துவ நூலை மொழிபெயர்க்கும்போது சின்கோனா மரப்பட்டையைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார், மலேரியா மாதிரியே அறிகுறிகள் வந்ததாக உணர்ந்தார், "ஒத்ததை ஒத்தது குணமாக்கும்" என்ற யோசனை அங்கிருந்து பிறந்தது. 1796-இல் கட்டுரையாகவும் 1810-இல் ஆர்கனான் என்ற புத்தகமாகவும் எழுதினார். அந்தக் காலத்தில் மற்ற மருத்துவர்கள் நோயாளிகளின் ரத்தத்தை வடித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், சும்மா சர்க்கரை கொடுத்து அக்கறையாக விசாரித்தவரிடம் கூட்டம் போனதில் ஆச்சரியமே இல்லை. இன்று நிலைமை வேறு. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2015-இல் இருந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்துவிட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி வேலை செய்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

2. ஆபரேஷனுக்கு முன்பே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்

என்ன எடுக்கிறீர்கள், எடுக்கப்போகிறீர்கள் என்று மகப்பேறு மருத்துவரிடமும் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைப்பவர்கள்தான் அதிகம். திட்டினால் திட்டட்டும், ஒரு நிமிஷம். ஆபரேஷனுக்கு முன்பு பட்டினி இருக்கச் சொல்லும் நேரத்தில் "நாலு உருண்டைதானே" என்று வாயில் போடாதீர்கள், போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். மூலிகை வடிவில் எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். உதாரணம் ஹைப்பெரிகம். 30 சி உருண்டையில் அது வெறும் சர்க்கரை, ஆனால் அதே செடி மூலிகை மாத்திரையாக வரும்போது கருத்தடை மாத்திரை உட்படப் பல மருந்துகளின் வேலையைக் குறைத்துவிடும். பெயர் ஒன்று, பொருள் வேறு.

3. எந்த உருண்டைக்கு என்ன பெயர், அந்த வேலையை நிஜமாகச் செய்வது எது

ஆர்னிகா: அடி, வீக்கம், கன்றிப்போன வலிக்கு என்று கொடுப்பார்கள். இதைப் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் செய்த சோதனைகளை எட்ஸார்ட் எர்ன்ஸ்ட், மேக்ஸ் பிட்லர் இருவரும் 1998-இல் தொகுத்துப் பார்த்தார்கள், போலி மருந்தை விட இது மேல் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. சிசேரியன் என்பது தோல், கொழுப்பு, தசையைச் சுற்றிய உறை, வயிற்றின் உள்ஜவ்வு, கர்ப்பப்பை என்று அடுக்கடுக்காக வெட்டித் திறந்து மூடியிருக்கும் பெரிய ஆபரேஷன். அந்த வலிக்குப் பாரசிட்டமாலும் இபுப்ரூஃபெனும் இருக்கின்றன. இரண்டும் தாய்ப்பாலில் மிகக் கொஞ்சமாகத்தான் கலக்கும், பால் கொடுக்கலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, ரத்த அழுத்தம் இதில் எதாவது இருந்தால் இபுப்ரூஃபென் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டு எடுங்கள். பாரசிட்டமால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டவே கூடாது, எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் அதைவிடக் குறைவு. சளி மாத்திரையிலும் அது ஒளிந்திருக்கும், கவனம்.

முக்கியமான விஷயம், முதல் சில நாட்களுக்கு வலி வந்த பிறகு மாத்திரை தேடாதீர்கள், கடிகாரம் பார்த்துப் போடுங்கள். "மாத்திரை வேண்டாம், தாங்கிக்கிறேன்" என்று வீரம் காட்டினால் என்ன ஆகும் தெரியுமா? எழுந்திருக்க மாட்டீர்கள், இருமலை அடக்குவீர்கள், குழந்தையைத் தூக்க முடியாது. கோடீன் கலந்த மாத்திரை மட்டும் வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் அதை எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் எச்சரித்தது, சில தாய்மார்களின் உடலில் அது வேகமாக மார்ஃபினாக மாறிப் பால் வழியாகக் குழந்தையின் மூச்சைப் பாதிக்கும்.

பெல்லிஸ் பெரென்னிஸ்: ஆர்னிகாவின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்காயத்துக்கு என்று சொல்வார்கள். மேலே சொன்னதேதான்.

கார்போ வெஜ், லைகோபோடியம்: வயிற்று உப்புசத்துக்கு. சிசேரியனுக்குப் பிறகு வாயு பிரியாமல் படும் அவஸ்தை இருக்கிறதே, தையல் வலியே தேவலை என்று தோன்றும், சிலருக்கு அது தோள்பட்டையில் போய்க் குத்தும். இதற்கு மருந்து நடப்பதுதான். சூயிங்கம் மெல்லுவதும் உதவுகிறது, நம்ப மாட்டீர்கள், ஆனால் அதை முறையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், மென்றவர்களுக்குக் குடல் சீக்கிரம் அசையத் தொடங்கியது.

முதல் தடவை எழுந்திருப்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. மல்லாந்து படுத்த நிலையில் இருந்து நேராக எழப் பார்த்தேன், வயிறு இரண்டாகப் பிளந்துவிட்டது என்றே நினைத்துக் கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்காதான் சொல்லித்தந்தார். முழங்காலை மடக்குங்கள். உடம்பை மொத்தமாக, கட்டையை உருட்டுவது போல ஒரு பக்கமாகப் புரட்டுங்கள். கால் இரண்டையும் கட்டிலை விட்டுக் கீழே தொங்க விடுங்கள், அதே சமயம் கீழே இருக்கும் முழங்கையை ஊன்றி மேல் உடம்பைத் தள்ளுங்கள். வயிற்றுத் தசைக்கு வேலையே இல்லை. உட்கார்ந்ததும் ஒரு நிமிஷம் அப்படியே இருங்கள், தலை சுற்றும். இருமவோ தும்மவோ வந்தால் தலையணையைத் தையல் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடியுங்கள். இந்த ஒரு வித்தை எனக்குக் குப்பியில் இருந்த மொத்த உருண்டையை விட உதவியது.

காலெண்டுலா: களிம்பாகவும் வரும், "காயத்துக்கு இயற்கை மருந்து" என்று. தையல் முழுசாக மூடும்வரை மருத்துவர் சொல்லாத எந்தக் களிம்பையும் அதன் மேல் தடவாதீர்கள். கட்டைப் பிரித்த பிறகு தினமும் தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். வயிற்றுச் சதை மடிந்து தையல் மேல் விழுந்தால் அந்த மடிப்பில்தான் வியர்வை தங்கும், தினமும் அங்கே காற்று படவேண்டும். இடுப்புக்கு மேலே ஏறி நிற்கும் தளர்வான பருத்தி உள்ளாடை போதும், தையல் மேலேயே ரப்பர் உட்காரும் வகை வேண்டாம். தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருப்பது மாதக்கணக்கில் இருக்கும், அதற்கு ஹைப்பெரிகம் கொடுக்க வருவார்கள், தேவையில்லை, வெட்டுப்பட்ட நரம்புகள் தம் போக்கில்தான் மீளும்.

சைனா: அந்த நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஹானிமன் சாப்பிட்ட அதே சின்கோனா பட்டை. ரத்தம் போன களைப்புக்கு என்று கொடுப்பார்கள். இதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். ரத்தம் போனால் இரும்புச்சத்து போகிறது, அந்த இரும்பு ஒரு உருண்டையிலும் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். 10-க்குக் கீழே என்றால் பிரசவத்துக்குப் பிந்திய ரத்தசோகை. இரும்பு மாத்திரை எழுதியிருந்தால் சொன்ன காலம்வரை எடுங்கள், உலக சுகாதார நிறுவனம் ரத்தசோகை பரவலாக உள்ள இடங்களில் பிரசவத்துக்குப் பிறகு 6 முதல் 12 வாரம்வரை இரும்புச்சத்து எடுக்கச் சொல்கிறது. மலச்சிக்கலாகிறது என்று நிறுத்திவிட்டு சைனாவுக்குத் தாவ வேண்டாம், மலத்தை இளக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

ஸ்டாஃபிசாக்ரியா: இது சுவாரசியமானது. கத்தியால் பட்ட காயத்துக்கும், அவமானப்பட்டு விழுங்கிய கோபத்துக்கும் ஒரே மருந்து என்று ஹோமியோபதியில் சொல்வார்கள். அவசர சிசேரியன் ஆனவர்கள், யாரும் எதையும் விளக்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே தள்ளிப் போனவர்கள், இதைக் கேட்டதும் அழுதுவிடுவார்கள். ஏனென்றால் முதல் தடவையாக ஒருவர் "மனசுல என்னம்மா இருக்கு" என்று கேட்கிறார், ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பலன் உண்டு என்று நான் முழுசாக நம்புகிறேன், உருண்டைக்கு இல்லை. என்ன நடந்தது, ஏன் அறுக்க வேண்டி வந்தது என்று உங்கள் மருத்துவரிடமே கேட்டு, நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

4. எடுப்பதாகவே முடிவு செய்தால்

சரி, இவ்வளவு சொல்லியும் அத்தை மனசு நோகக் கூடாது, எனக்கும் ஒரு ஆறுதல் என்றால் எடுங்கள். ஒரே மருந்து, 30 சி அல்லது அதற்கு மேல், பெயர் அச்சிட்ட மூடிய குப்பியாக இருக்கட்டும். கையால் தொடாமல் மூடியில் கொட்டி நாக்குக்கு அடியில், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னோ பின்னோ என்பது அவர்கள் முறை. காபி, கற்பூரம், புதினா எல்லாம் மருந்தை முறித்துவிடும் என்பார்கள், இதற்காகக் காலையில் ஒரு காபியையும் தியாகம் செய்யாதீர்கள், அந்தக் காபி உங்களுக்கு வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் கணக்கில் வையுங்கள். திரவமாகத் தருவதில் சாராயம் இருக்கும், உருண்டையாகவே கேளுங்கள்.

ஒரு நோட்டில் நாள், நேரம், மருத்துவமனை மாத்திரை, உருண்டை, உடல்வெப்பம், உதிரப்போக்கு என்று எழுதிவாருங்கள். உருண்டைக்காக இல்லை, தூக்கமில்லாத அந்த வாரங்களில் கடைசியாகப் பாரசிட்டமால் எப்போது போட்டோம் என்பதே மறந்துவிடும்.

இப்போது வரும் வரியை மட்டுமாவது மறக்காதீர்கள். "முதலில் அதிகமாகி அப்புறம்தான் குறையும், மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு ஆறாம் நாள் தையலின் இடது ஓரம் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. தெரிந்த ஒருவர் போனில் இதைத்தான் சொன்னார். ஒரு நாள் பொறுத்தேன். மறுநாள் சாயங்காலம் தெர்மாமீட்டர் 38.6 காட்டியது, ஓரத்தில் சீழ் கசிந்தது. நல்லவேளை ஆன்டிபயாட்டிக்கோடு போனது, ஆனால் அந்த இடத்துத் தழும்பு மட்டும் இன்றும் தடிப்பாக இருக்கிறது. ஆறும் காயம் நாளுக்கு நாள் குறையும். கூடினால் அது கிருமி.

5. உருண்டையைக் கீழே வைத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

காய்ச்சல் 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுசாக நனைவது, முட்டையை விடப் பெரிய கட்டிகள் விழுவது, உதிரம் நாற்றமடிப்பது. (உதிரப்போக்கு தானாகவே ஆறு வாரம்வரைகூட இருக்கலாம், நிறம் வெளுத்துக் குறைந்துகொண்டே வரவேண்டும், அவ்வளவுதான்.) தையல் திறப்பது, சீழ். சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது தெரியாமல் கசிவது.

ஒரு கால் மட்டும், குறிப்பாகக் கெண்டைக்கால், வீங்கி வலித்தால் ரத்தம் கட்டியிருக்கலாம். திடீரென மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், ஆம்புலன்ஸ்தான். பிரசவத்துக்குப் பிந்திய ஆறு வாரங்களில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல், சிசேரியனில் இன்னும் கூடுதல். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றிலோ தொடையிலோ போடும் ஊசியை வீட்டில் தொடரச் சொல்லியிருந்தால், "உருண்டையே போதும்" என்று யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

தலைவலியில் இரண்டு வகை. உட்கார்ந்தால் பிளக்கும், படுத்தால் விடும் என்றால் முதுகில் போட்ட ஊசியால் வந்ததாக இருக்கலாம், மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. விடாத தலைவலியோடு கண் முன்னால் பொறி பறப்பது, மேல் வயிற்று வலி, முகம் வீங்குவது என்றால் ரத்த அழுத்தம் பாருங்கள். 140/90 என்றால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள், 160/110 என்றால் அவசர சிகிச்சை. கர்ப்பத்தில் ரத்த அழுத்தமே இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு இது வரும்.

மூன்றாம் நாள் ஐந்தாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்தைத் தாண்டியும் மனசு தேறவே இல்லை, குழந்தையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை என்றால் இக்னேஷியா உருண்டையைத் தேட வேண்டாம், பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ கேள்வித்தாளை மருத்துவரிடம் கேளுங்கள், பத்தே கேள்விதான். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அன்றே யாரிடமாவது சொல்லிவிடுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

6. குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்

தாய்க்குக் கொடுத்த கையோடு "குழந்தைக்கும் ரெண்டு உருண்டை, வயிறு வலிக்காது" என்பார்கள். பிறந்த குழந்தைக்கு உருண்டை தொண்டையில் சிக்கும். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும், தண்ணீர்கூட, தேவையில்லை. குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போது கொடுக்கும் ஹோமியோபதி மாத்திரைகள் சிலவற்றை எஃப்டிஏ சோதித்துப் பார்த்தபோது பெல்லடோனாவின் அளவு தாறுமாறாக இருந்தது, சிலவற்றில் லேபிளில் போட்டதை விட மிக அதிகம், 2017-இல் பெற்றோர்களை எச்சரித்தார்கள்.

ஹோமியோபதி மருத்துவரைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கேளுங்கள்: "நான் எடுக்கிற ஆன்டிபயாட்டிக், இரும்பு மாத்திரை, ஊசி எதையாவது நிறுத்தணுமா?" ஆமாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். காய்ச்சல் வந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அவரே சொன்னால் நல்ல மனிதர், பேசிவிட்டு வரலாம்.

குப்பிகள் மிஞ்சும். எனக்கு நாலு மிஞ்சியது. ஆறேழு மாதத்தில் குழந்தை தவழ ஆரம்பிக்கும், உருண்டை இனிப்பு, குப்பி அதன் கைக்குச் சரியான அளவு. உயரத்தில், பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள், இல்லையென்றால் கொட்டிவிட்டுக் குப்பியைக் கழுவுங்கள். என் நாலு குப்பியிலும் இப்போது பட்டன் இருக்கிறது, அலமாரியின் மேல் தட்டில்.